பாட்டியின் மோதிரத்தில் இருந்த கல்

பரம்பரை நகைகளைப் பார்த்து இது என்ன, எந்தக் காலத்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கொண்டு வருகிறவர்கள் நிறைய பேர் நகையை நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பின்பக்கம் படிந்த கறுப்பு, கொக்கி தேய்ந்த இடம், எப்போதோ பற்றவைத்த தழும்பு, இதையெல்லாம்தான் நான் முதலில் தேடுவேன்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பழைய பதக்கம் அழுக்காக இருக்கிறதே என்று தண்ணீரில் போட்டுவிட்டேன். கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துப் பின்பக்கத்தை மூடிய பதிப்பு அது. உள்ளே ஈரம் போய்த் தகடு கறுத்து, ஒளியோடு இருந்த கற்கள் சில நாட்களில் செத்துப் போயின. நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை, பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முத்திரை எண்கள் பலருக்கும் தெரியும். தங்கத்தில் 916 என்றால் 22 கேரட், 750 என்றால் 18, 585 என்றால் 14, வெள்ளியில் 925. ஆனால் அந்த எண் எந்தத் துண்டில் இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் பொருந்தும், கொக்கியில் 750 என்று குத்தியிருக்கும், சங்கிலி வெறும் முலாமாக இருக்கும்.

சரி, மோதிர விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அக்காவும் தம்பியும் பாட்டியின் மாணிக்க மோதிரத்தைக் கொண்டு வந்தார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் கல்லுக்குள் இசைத்தட்டின் கோடுகள் மாதிரி வளைந்த கோடுகள், நடுவில் குட்டிக் குட்டி உருண்டைக் குமிழிகள். மண்ணுக்குள் வளர்ந்த மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராகத்தான் ஓடும், கோணத்தில் திரும்பும், வளையாது. இது ஆய்வுக்கூடத்தில் செய்த கல். மாணிக்கத்தின் மூலப்பொருளான அலுமினியம் ஆக்சைடு தூளைத் தீச்சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்க்கும் அந்த முறையை அகஸ்ட் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-ல் அறிவித்தார். அதாவது மோதிரம் நூறு வயதைத் தாண்டியதாகவே இருந்தாலும் கல் செயற்கையாக இருக்கலாம்.

சொன்னதும் தம்பி முகம் மாறிவிட்டது. "அப்போ யாரோ கல்லை மாத்திட்டாங்க சார். பத்து வருஷம் சித்திகிட்டதான் இருந்துச்சு."

அக்கா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு படபடத்தது, ஏனென்றால் என் அறிக்கையில் வெறுமனே "செயற்கை" என்று எழுதினால் அது ஒரு பெண்ணின் மேல் திருட்டுப் பட்டமாக விழும். மறுபடியும் லென்ஸை எடுத்துக் கல்லை விட்டுவிட்டு, அதைப் பிடித்திருந்த தங்க நகங்களை, அதாவது கல்லின் மேல் மடங்கிப் பிடிக்கும் சிறு கம்பிகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்லைக் கழற்றியிருந்தால் நகத்தை நிமிர்த்தி மறுபடி மடக்கியிருக்க வேண்டும், பெரும்பாலும் வளைந்த இடத்தில் விரிசலோ அரம் பட்ட கீறலோ இருக்கும். இங்கே நான்கு நகங்களும் ஒரே சீராக, கழுத்துவரை வழவழவென்று தேய்ந்திருந்தன. இடுக்கில் பல காலத்து அழுக்கு கல்லாய் இறுகிக் கிடந்தது. நல்லவேளை, இதை யாரும் தேய்த்துக் கழுவவில்லை.

இருவரையும் லென்ஸில் பார்க்க வைத்தேன். இந்தக் கல் வெகு காலமாக இதே இடத்தில்தான் இருக்கிறது, பத்து வருடத்தில் வந்ததில்லை, இது கண்ணாடியும் இல்லை, பொருளால் மாணிக்கமேதான், அந்தக் காலத்தில் புதுமையாக வந்து நல்ல தங்கத்திலேயே பதித்தார்கள் என்று சொன்னேன். விலை இயற்கைக் கல்லுக்குப் பக்கத்தில்கூட வராது என்பதையும் மறைக்கவில்லை. பாட்டிக்குத் தெரியுமா என்று அக்கா கேட்டார். அதை நகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அறிக்கையில் "செயற்கை மாணிக்கம்" என்று எழுதி, அடுத்த வரியிலேயே "பதிப்பு கலைக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லை" என்று சேர்த்தேன். தம்பி அந்த வரியை இரண்டு முறை படித்தார். அப்புறம் வெளியே போய்ச் சித்திக்குப் போன் செய்தார்.