கேம்ல எச்டிஆர் போட்டா ஏன் வெளிறிப் போகுது?

புது மானிட்டர் வாங்கி ஆசையா எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமா காட்டற வசதி) ஆன் பண்ணேன், மனசே விட்டுப் போச்சு, படம் முழுக்க சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு. பெட்டில எச்டிஆர் 400னு பெருசா போட்டிருக்கு, ஆனா லோக்கல் டிம்மிங், அதாவது திரைக்குப் பின்னாடி இருக்கற விளக்கை பகுதி பகுதியா மங்கலாக்கற வசதி கிடையாது, அதனால மூலைல ஒரு தீப்பந்தம் எரிஞ்சாக்கூட மொத்த குகையோட இருட்டும் வெளுத்துப் போகுது. இதை எச்டிஆர்னு விக்கிறது தப்புங்க.

கேம் உள்ளுக்குள்ள வெளிச்சத்தை எச்டிஆர்ல கணக்கு போடுறது புதுசே இல்ல, 2005லயே வால்வ் கம்பெனி லாஸ்ட் கோஸ்ட்ங்கற கேம்ல செஞ்சு காட்டிட்டாங்க, ஆனா கடைசில சாதா மானிட்டருக்கு ஏத்த மாதிரி சுருக்கித்தான் அனுப்பணும். எச்டிஆர் மானிட்டருக்கு அனுப்பற எச்டிஆர்10ங்கற ஃபார்மட்ல ஒரு கலருக்கு, சாதா படத்தோட 256 படிக்கு பதிலா 1024 படி, 10,000 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) வரைக்கும் இடம் இருக்கு. நம்ம வீட்டு மானிட்டர் அவ்ளோ தூரம் போகாதுல்ல, அதுக்குத்தான் கேம்ல பீக் பிரைட்னஸ் ஸ்லைடர் வச்சிருக்காங்க, அதை மானிட்டரோட அளவுக்கு மேல ஏத்தி வச்சா சூரியனைச் சுத்தி இருக்கற மேகமெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டா போயிடும்.

விண்டோஸ் 11ல எச்டிஆர் கேலிப்ரேஷன் ஆப் இருக்கு, இலவசம்தான், அதுல கட்டம் மறையற வரைக்கும் ஸ்லைடரை நகர்த்தணும், ராத்திரி லைட்டை அணைச்சுட்டு பொறுமையா பண்ணுங்க. கேம்ல பேப்பர் ஒயிட்டை, அதாவது சாதாரண வெள்ளையோட வெளிச்சத்தை 200 நிட்ஸ் பக்கம் வச்சேன், மெனு எழுத்து கண்ணைக் குத்தல.

அப்புறம் ஃப்ரெண்டு வீட்டு ஓலெட் திரைல (ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியா எரியும், அணையும்) அதே குகையப் பார்த்தேன். பந்தத்தோட நுனி மட்டும் தகதகன்னு எரியுது, பக்கத்துல பாறை கன்னங்கரேல்னு இருக்கு!