சாவிக் குறியீடும் காரின் உரிமையாளரும்

கோவையில் எல்லாக் கம்பெனிக் கார்களையும் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறேன். கைத்திறன் இருந்தும் முடித்துக் கொடுக்க இயலாத வேலைகள் ஆண்டுக்காண்டு பெருகிவருகின்றன. அவற்றுள் என்னை அதிகம் வருத்துவது, தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போடும் வேலை.

பொள்ளாச்சி ஆசிரியை ஒருவர் வாங்கிய பழைய காருக்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது. சாவி எண் பொறித்த சிறு உலோக வில்லை முந்தைய உரிமையாளரிடமே காணாமல் போயிருந்தது. அந்தச் சாவியும் தொலைந்தபோது, உக்கடத்துச் சாவிக்காரர் ஒருவர் பூட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகளின் உயரத்தைப் பார்த்தே புதிய சாவியை வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது, ஸ்டார்ட்டரும் சுற்றியது. ஆனால் என்ஜின் ஓடத் தொடங்கிய ஓரிரு நொடியில் நின்றுபோக, மீட்டர் பலகையில் சாவி வடிவ விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சாவியின் தலைக்குள் உள்ள சிப்பை, இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி அடையாளம் கண்டால்தான் என்ஜினுக்கு எரிபொருள் தொடர்ந்து போகும். புதிய சிப்பைப் பதிவுசெய்யக் கம்பெனியின் மென்பொருளும் அந்த வண்டிக்கே உரிய ரகசிய எண்ணும் வேண்டும். ஆர்.சி., ஆதார், காப்பீட்டுப் பத்திரம் மூன்றும் கையில் இருந்தும், வண்டியின் சொந்தக்காரருக்கே அந்த எண்ணைத் தரக் கம்பெனிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வண்டியை இழுத்துவரச் சொன்னார்கள்.

எண் வெளியே போனால் திருட்டு பெருகும் என்ற கவலையை நான் ஒதுக்கவில்லை. இம்மொபிலைசர் வந்தபின் வெறும் வயர்களை இணைத்துக் காரைக் கிளப்ப முடிவதில்லை. ஆயினும் கேட்பவர் யார் என்று உறுதிசெய்துகொள்வது வேறு, எவருக்குமே தராமல் வைத்திருப்பது வேறு. அமெரிக்காவில், பின்னணி சரிபார்க்கப்பட்டுப் பதிவுபெற்ற சாவித் தொழிலாளர்கள் உரிமையாளரின் அடையாளத்தைப் பதிந்துகொண்டு உற்பத்தியாளரிடமிருந்தே சாவிக் குறியீட்டைப் பெறுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், பழுதுபார்ப்புத் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் விற்கச் சொல்கிறது. பூட்டு, இம்மொபிலைசர் போன்றவற்றின் தகவலைப் பெறுவதற்குக் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு.

நம் நாட்டில், சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம், 2011-ல் வந்த ஒரு புகாரின் பேரில் விசாரித்து, 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. பிறகு வழக்கு மேல்முறையீடுகளுக்குள் போனது. எங்கள் பட்டறையில் அந்த உத்தரவின் பலனை நான் இன்னும் காணவில்லை.

நேர்வழி அடைபட்டிருப்பதால் பல பட்டறைகளில் கள்ள மென்பொருள் புழங்குகிறது. பதிவேற்றும்போது பாதியில் நின்றால் காரின் கம்ப்யூட்டர் பெட்டியே செயலிழந்து, சாவிச் செலவைப் போல் பல மடங்கு வாடிக்கையாளர் தலையில் விழும். யார் எந்த வண்டிக்குச் சாவி போட்டார் என்ற பதிவும் எங்கும் இருக்காது. திருட்டைத் தடுக்க நினைப்பவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். முறையான ஏற்பாடு வந்தால், போலீஸ் சரிபார்ப்புக்கு உட்பட்டு, ஆண்டுச் சந்தா கட்டி, ஒவ்வொரு சாவிக்கும் கையெழுத்திட நான் தயாராக இருக்கிறேன்.