பல்க்க, பல்க்கா, பல்கன்

நவம்பர் 12, 2023, ஞாயிறு

தீபாவளி. காலை ஆறு மணிக்கு வாளியும் துடைப்பமுமாக நின்றேன். ஹெல்சிங்கியில் இப்போது எட்டு மணி தாண்டித்தான் விடிகிறது. இரண்டு மாடி துடைத்து முடித்த பிறகுதான் ஜன்னலில் வெளிச்சம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இங்கே சட்டப்படி இரட்டைச் சம்பளம். அம்மாவிடம் போனில் அதைத்தான் முதலில் சொன்னேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று கேட்டார். குளித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 15, புதன்

திலிபைவா. ஃபின்னிஷ் மொழியில் திலி என்றால் கணக்கு, பைவா என்றால் நாள். கணக்கில் சம்பளம் விழும் நாள். ஆறு முறை பார்த்தேன். 41 யூரோ 20 சென்ட். இரவு பத்து மணிக்கும் அதேதான்.

நவம்பர் 16

வரவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

சூப்பர்வைசருக்கு எழுதினேன். பதில் இரண்டே சொல்: "பல்க்க துலே." பல்க்க என்றால் சம்பளம். துலே என்றால் வருகிறது. வரும் என்றாலும் அதே துலேதான், ஃபின்னிஷ் வினைக்கு எதிர்காலம் என்று தனி வடிவம் கிடையாது. நாள் சொன்னால்தான் பிடிமானம். அவர் நாள் சொல்லவில்லை. மில் மூடுவதற்கு முன் அப்பாவிடமும் இப்படித்தான், "வந்துட்டே இருக்கு" என்பார்கள். அப்பா வெற்றிலையை மடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இன்று முழுக்க அந்தத் திண்ணை கண்ணிலேயே நிற்கிறது.

செப்டம்பரில் வரி அட்டையை நேரத்தில் கொடுக்காததால் 60 சதவீதம் பிடித்தார்கள். அது என் தவறு, சட்டம் அப்படி. இதில் என் தவறு எதுவும் இல்லை.

நவம்பர் 20, திங்கள்

480 யூரோ வந்திருக்கிறது. ஏறக்குறைய பாதி. மீதி பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாலை வகுப்பில் ஆசிரியை வேற்றுமை உருபு நடத்தினார். "சைன் பல்கன்" என்றால் சம்பளத்தை வாங்கினேன், முழுசாக. "சைன் பல்க்கா" என்றால் சம்பளத்தில் ஏதோ கொஞ்சம் வாங்கினேன். இல்லை என்று சொல்லும்போது எப்போதும் பல்க்காதான். கடைசியில் நெடிலா, குறிலோடு 'ன்' வருகிறதா, நடுவில் 'க்' இரட்டிக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அது காதில் விழவே இல்லை. எனக்கு உடனே விழுந்தது. குறிலும் நெடிலும் படித்து வளர்ந்த காது இது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: நான் கேட்க வேண்டியது பல்கன்.

நவம்பர் 21

வேலை ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "பல்க்க மக்ஸெதான்" என்று இருக்கிறது. நம் காதுக்கு, கொடுத்தான், தந்தான் மாதிரி யாரோ ஒருத்தன் கொடுத்துவிட்ட மாதிரிக் கேட்கிறது. ஆனால் அது செயப்பாட்டு வினை. சம்பளம் கொடுக்கப்படும். யார் கொடுப்பார் என்று அந்தச் சொல்லுக்குள் ஆளே இல்லை. தூக்கம் வரவில்லை.

நவம்பர் 23, வியாழன்

எஸ்ஏகே தொழிற்சங்கக் கூட்டமைப்பின் இலவச உதவி எண்ணுக்கு அழைத்தேன். சங்கத்தில் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிகளிடமும் பேசுகிறார்கள். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று சட்டத்தில் ஒரு தொகை கிடையாது. ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கங்கள் போட்ட கூட்டு ஒப்பந்தம்தான் அளவுகோல், அதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். வேலை செய்த நேரத்தை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள், எழுத்தில் கேளுங்கள் என்றார். போனை வைத்த பிறகு அழுதேன். ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 25

இங்கே எல்லாருக்கும் 'சினா', அதாவது நீ. முதலாளிக்கும் நீ, டாக்டருக்கும் நீ. என்னைவிட இருபது வயது மூத்தவரிடம் "நீ எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை" என்று எழுத வேண்டும். மூன்று முறை எழுதி அழித்தேன். கடைசியில் நீ இல்லாத வாக்கியமாக எழுதினேன்: "மினுல்லெ எய் ஒலெ மக்ஸெத்து பல்க்கா." எனக்குச் சம்பளம் கொடுக்கப்படவில்லை. இதிலும் ஆள் இல்லை. அனுப்பவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

பனி. வேலை 6.00 முதல் 12.00.

நவம்பர் 28, செவ்வாய்

ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கூட சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். இங்கே காபி மேஜையில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் வருடா வருடம் நவம்பரில் யார் எவ்வளவு சம்பாதித்தார் என்ற வரிக்கணக்கு பொதுவில் வந்துவிடும், பேப்பர்கள் பட்டியலே போடும். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது என்று பெரியம்மாவிடம் (காலை ஷிஃப்டில் என்னோடு இருப்பவர், மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து தன் சம்பளச் சீட்டை எடுத்து மேஜையில் விரித்தார். என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். அவர் சீட்டில் "சுன்னுந்தைலிசா" என்று ஞாயிறுக்கு ஒரு தனி வரி. என் சீட்டில் அந்த வரியே இல்லை. அக்டோபரில் நான் ஐந்து ஞாயிறும் போனேன்.

விரலால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். இரண்டு முறை.

நவம்பர் 29, புதன்

அனுப்பிவிட்டேன். 'சினா' போட்டே எழுதினேன். மீதிப் பாதி, ஐந்து ஞாயிறு, தேதி, நேரம், எல்லாம் வரிசையாக. கடைசி வரி: "ஹலுவன் கொகோ பல்கன்." முழுச் சம்பளமும் வேண்டும்.

டிசம்பர் 1

வாடகை எடுத்துவிட்டார்கள். 12 யூரோ இருக்கிறது. அரிசி இருக்கிறது.

டிசம்பர் 2, சனி

பதில் வந்தது. "துலே." எந்த நாள் என்று கேட்டு உடனே எழுதினேன். நாளை ஆறு மணி ஷிஃப்ட். நேரம் எழுதும் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.