அதே தட்டு, வேறு கேள்வி

வேப்பிலை, நொச்சி, சீத்தா இலை என்று எதை அரைத்துச் சாறெடுத்து ஊற்றினாலும், அளவைக் கூட்டிக்கொண்டே போனால் புற்றுநோய் செல்கள் சாகத்தான் செய்யும். எங்கள் லேபில் இது அன்றாட வேலை. 96 குழி பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, சாறு விட்டு, மறுநாள் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்போம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாகப் படிகங்கள் தெரியும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் விட்டதும் கரைந்து நாவல்பழச் சாறு போல் ஆகிவிடும். குழி வெளுத்திருந்தால் சாறு வேலை செய்கிறது என்று எழுதிக்கொள்வோம். ப்ளீச் ஊற்றினாலும் வெளுக்கும், அது வேறு விஷயம்.

சரி, இதை வைத்து 'புற்றுநோயைத் தடுக்கும் மூலிகை' என்கிறார்களே, அந்தத் 'தடுக்கும்' எங்கே வந்தது? நோய் வராமல் தடுப்பதென்றால் நல்ல உடம்புக்காரர் வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். செல்லைக் கொல்லும் சரக்கு அவருக்கு எதற்கு?

அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் பால் டலாலே கேள்வியையே மாற்றிப் போட்டார். அவர் குழுவிலும் அதே 96 குழி, அதே எம்டிடி. ஆனால் வளர்த்தது எலியின் கல்லீரல் செல்கள். தேடியது, நச்சுகளை முடக்கும் குயினோன் ரிடக்டேஸ் என்ற நொதியைக் கூட்டும் காய்கறியை. அந்த நொதி கூடினால் ஊதா அடரும், அதனால் அங்கே ஊதா அடர்ந்தால்தான் வெற்றி! அப்படி 1992இல் ப்ராக்கோலியிலிருந்து பிரித்ததுதான் சல்ஃபோராஃபேன் என்ற பொருள். மூன்று நாள் முளையில் அதன் மூலப்பொருள் முற்றிய காயைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருப்பதாக 1997இல் எழுதினார்கள்.

செடியில் அந்த மூலப்பொருளும் அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. மெல்லும்போதுதான் இரண்டும் கலந்து சல்ஃபோராஃபேன் உண்டாகும். குழைய வேகவைத்தால் நொதி போச்சு. கடுகிலும் இந்த நொதி உண்டு. பச்சையாகப் பொடித்துத் தூவினால் கைகொடுக்கும். தாளித்த கடுகுக்கு அந்தப் பெருமை கிடையாது.

சீனாவின் சிடோங்கில் 291 பேர் பங்கேற்ற 12 வாரச் சோதனையில், ப்ராக்கோலி முளைச்சாறு குடித்தவர்களுக்கு, காற்று மாசில் இருக்கும் பென்சீன் என்ற நச்சின் கழிவு சிறுநீரில் 61% கூடுதலாக வெளியேறியது. 2014இல் வந்த முடிவு. நல்ல செய்திதான். ஆனால் அளந்தது கழிவை, புற்றுநோயை அல்ல.

இப்படித் தயங்குவதற்குக் காரணம், காய்கனிகளில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்து. காய்கனி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்பதால், ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994இல் கணக்குப் பார்த்தால், கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18% அதிகம்.

போன வாரம் சித்தி ஏதோ கேப்சூல் பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பி, "வாங்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார். முட்டைகோஸும் முள்ளங்கியும் வாங்குங்க சித்தி, அதுவும் ப்ராக்கோலிக்குப் பங்காளிதான் என்றேன். அப்புறம், சித்தப்பா சிகரெட்டை விடுகிற வரைக்கும் கரோட்டின் மாத்திரை எதையும் அவர் கண்ணில் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.