விசில் இல்லாத சாதம்

என் மகனுக்கு 17 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. எந்த வேலையைத் தொடங்கினாலும் நடுவில் நின்றுவிடுவான். "அடுத்து என்னடா கண்ணா?" என்று நான் கேட்டால்தான் கை நகரும். கவனம் போதவில்லை என்றே பல வருடம் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த சிறப்பாசிரியர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு வேலை தெரியுதும்மா. உங்க குரலையும் அதுல ஒரு படின்னு கத்துக்கிட்டிருக்கான்." அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர் கையில் இருந்தது, அந்தக் காலத்து மெட்ராஸிலேயே உருவான 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' படிவம். 18 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினம் வரை 20 செயல்கள், மொத்தம் 360. பிள்ளை எதுவரை செய்கிறான் என்று குறித்து, அதற்கடுத்ததை இலக்காக எடுப்பார்கள். எங்களுக்கு வந்தது வீட்டு வேலை. சாதம் வைப்பதைத் தேர்ந்தெடுத்தேன். சுடுசாதம், பருப்புப்பொடி, நெய் என்றால் அவனுக்கு உயிர்.

குக்கர் விசில் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அதனால் நெம்புகோல் வைத்த எலெக்ட்ரிக் குக்கர் வாங்கினோம். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு அதைத் தாண்ட, அடியில் உள்ள காந்தம் பிடியை விட்டு, நெம்புகோல் தானே மேலே வந்துவிடும். "புள்ளைய அடுப்படிக்கு விடலாமா?" என்று பயந்த என் அத்தைக்கு இதை இரண்டு முறை ஓட்டிக் காட்டினேன்.

என் குரலுக்குப் பதிலாக அவன் பார்த்துச் செய்ய வீடியோ எடுத்தோம். முதல் வீடியோ சரியாக வரவில்லை. நான்கு நிமிடம், முழுக்க நான் பேசிக்கொண்டே செய்தது. நடுவில் ஒரு காக்கை கத்தும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். டீச்சர் சொன்னபடி வேலையை ஒன்பது துண்டாக்கினோம். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நொடி. முகம் வேண்டாம், பேச்சு வேண்டாம், கை மட்டும். போனை என் தோளுக்கு மேலே பிடித்து என் தங்கை எடுத்தாள். அவன் நிற்கும் இடத்திலிருந்து அவன் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி, எங்கள் அடுப்படியில், எங்கள் டம்ளரை வைத்தே. தண்ணீர் அளக்க, வெளியே சிவப்பு டேப் ஒட்டிய கண்ணாடி ஜக்.

பேசுவதற்கு, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆவாஸ் செயலி போட்ட டேப்லெட் வைத்திருக்கிறான், அதுவும் சென்னையில் உருவானதுதான். வீடியோவையும் அதிலேயே போடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது அவன் வாய். பாடத்துக்காக அதைப் பிடுங்கி வைக்கக் கூடாது. அவன் அப்பாவின் பழைய போனை எடுத்தோம். யூடியூபை நீக்கி, ஏரோபிளேன் மோடில் போட்டு, வேறு எதுவும் திறக்காதபடி திரையைப் பூட்டி வைத்தோம். கேலரி புதிய வீடியோவைத்தான் முதலில் காட்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. முதல் நாள் கடைசித் துண்டிலிருந்து தொடங்கிவிட்டான். பிறகு ஸ்லைடுக்கு ஒரு துண்டாக அடுக்கிக் கொடுத்தோம்.

பழக்கியது மட்டும் கடைசியிலிருந்துதான். எட்டுப் படியை நான் செய்து, நெம்புகோலை அழுத்துவதை அவனுக்கு விட்டேன். விளக்கு எரிந்தது, வேலை அவன் கையால் முடிந்தது. அது பழகியதும் சுவிட்ச், பிறகு மூடி, இப்படிப் பின்னோக்கி. ஒவ்வொரு நாளும் அவனுடைய வேலை முழுமையாக முடிந்தது. முன்பு பாதியிலேயே நான் பிடுங்கிச் செய்துவிடுவேன்.

அரிசி களையும் படிக்கு வந்தபோது அழுதான். ஈரக் கையால் தொட்டால் திரை நகரவில்லை. தப்பு எங்களுடையது. துணியில் கை துடைப்பதை ஒரு படியாகச் சேர்த்தோம், ஒன்பது பத்தானது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் ஆபத்தும் அதோடு போனது.

எனக்குக் கடினமாக இருந்தது வாயை மூடிக்கொண்டு நிற்பது. அவன் என் முகத்தைப் பார்ப்பான். நான் போனைக் கைகாட்டுவேன், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் என்னைப் பார்ப்பதை விட்டு, திரையைப் பார்க்கத் தொடங்கினான். அங்கேயே நின்றிருந்தால் என் குரலுக்குப் பதில் போன் என்று ஆகியிருக்கும். அதனால் நன்றாகத் தெரிந்த படிகளில் வீடியோவை எடுத்துவிட்டுப் படம் வைத்தோம், பிறகு படத்தையும் எடுத்தோம். ஐந்தாவது மாதம் இரண்டு துண்டுகள்தான் மிச்சம்: ஜக்கில் டேப் வரை தண்ணீர் பிடிப்பது, பாத்திரத்தின் அடியைத் துடைப்பது. அவை இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் சாதம் பாதி வெந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்ததும், நெம்புகோலைத் தூக்கித் தூக்கி அழுத்திக்கொண்டு நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிறாள். சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபேன் சுற்றும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை எடுக்கப்போகிறோம். இந்த முறை அவன் கையையே படமெடுக்கலாம் என்று இருக்கிறேன்.