நாடக வீடியோ ப்ரொஜெக்ஷன்: செய்முறைத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

மேடை வடிவமைப்பு படிக்கும் பலர், ப்ரொஜெக்ஷன் செய்முறை என்றதும் அனிமேஷன் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கணினியில் அழகாக இருந்த படம் மேடையில் வெளிறிப்போகும். தேர்வாளரும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்: திரை எவ்வளவு அகலம், புரொஜெக்டர் வெளியிடும் ஒளி எத்தனை லூமென், புரொஜெக்டர் எங்கே தொங்குகிறது? எனவே முதலில் அளவுநாடா, வரைபடம், கணக்கு. படம் பிறகு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திரை 6 மீட்டர் அகலம். 16:9 விகிதத்தில் உயரம் 3.375 மீட்டர், பரப்பு 20.25 சதுர மீட்டர். 6000 லூமென் புரொஜெக்டர் இதில் சுமார் 296 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) தரும். மேடை விளக்குகளிலிருந்து சிதறும் ஒளி திரையில் 50 லக்ஸ் விழுந்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 7:1. அதுவே 150 லக்ஸ் ஆனால் 3:1தான். இருட்டான காட்சிகள் காணாமல் போகும். இன்னும் பெரிய புரொஜெக்டர் கேட்பதற்கு முன், சிதறலைக் குறையுங்கள். ஒளி வடிவமைப்பாளருடன் உட்கார்ந்து, முன்பக்க விளக்குகளில் சிலவற்றைப் பக்கவாட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். தரையைக் கறுப்பாக்குங்கள். நடிகர்களைத் திரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது முன்னே நிறுத்தினால் அவர்கள் மேல் விழும் ஒளி திரையைத் தொடுவது குறையும்.

அடுத்தது நிழல். பக்க வெட்டு வரைபடம் (மேடையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பது போன்ற படம்) போடாமல் இதற்கு விடை கிடைக்காது. திரையிலிருந்து 9 மீட்டர் தள்ளி, 5 மீட்டர் உயரத்தில் லென்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். 1.7 மீட்டர் உயர நடிகர் திரைக்கு 1.5 மீட்டர் முன்னால் நிற்கிறார். லென்ஸிலிருந்து அவர் தலையைத் தொட்டுக் கோடு இழுத்தால் அது திரையில் ஏறக்குறைய 1.04 மீட்டர் உயரத்தில் விழும். படத்தின் அடிவிளிம்பை 1.1 மீட்டரில் வைத்தால் அவர் நிழல் படத்தில் விழாது. முன்னால் வந்தால் நிழல் இன்னும் கீழே இறங்கும். 9 மீட்டரில் 6 மீட்டர் அகலம் வேண்டுமென்றால் த்ரோ ரேஷியோ (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5. உயரத்திலிருந்து போடுவதால் வரும் சாய்வை லென்ஸ் ஷிஃப்டால் (லென்ஸை நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் வசதி) சரிசெய்யுங்கள். கீஸ்டோன் (படத்தின் வடிவத்தை மின்னணு முறையில் திருத்துவது) பிக்ஸல்களைச் சுருக்கிக் கூர்மையைக் குறைத்துவிடும்; அது கடைசி வழி.

கோப்பு விஷயத்தில் நேரடியாகச் சொல்லலாம்: ஹெச்.264 முறையில் சுருக்கிய வீடியோ கோப்புகள் சிறியவை, ஆனால் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) திரும்பும் இடத்திலும் உடனடி க்யூவிலும் (படத்தைத் தொடங்கவோ மாற்றவோ தரும் கட்டளை) திக்கக்கூடும். ப்ரோரெஸ் அல்லது ஹாப் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை), புரொஜெக்டரின் இயல்பான ரெசல்யூஷனிலேயே ஏற்றுமதி செய்யுங்கள். நீண்ட ஹெச்டிஎம்ஐ கேபிளை நம்பாதீர்கள். 10 மீட்டரைத் தாண்டினால், நெடுந்தூரத்துக்கு வீடியோவைக் கொண்டுசெல்லும் ஹெச்டி-பேஸ்-டி அல்லது எஸ்டிஐ இணைப்பு.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வரலாறும் வரலாம். ஜெர்மன் இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் 1920களிலேயே நாடகத்துக்குள் திரைப்படத் துண்டுகளைக் கொண்டுவந்தார். செக் இயக்குநர் ஆல்ஃப்ரெட் ராடோக்கும் மேடை வடிவமைப்பாளர் ஜோசஃப் ஸ்வோபோடாவும் 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், திரைப்படத்தையும் நேரடி நடிகர்களையும் இணைத்த லாத்தர்னா மாகிகாவைக் காட்டினார்கள். பெயர்களோடு நிறுத்தாமல், அதிலுள்ள சிக்கலையும் பேசுங்கள்: ஓடும் படச்சுருள் நடிகருக்காகக் காத்திருக்காது. நம்மிடம் அதற்கு வழி இருக்கிறது. மூன்று நிமிடக் காட்சியை ஒரே கோப்பாகச் செய்யாதீர்கள். தொடக்கம், லூப், முடிவு என்று பிரித்து, வசனத்தைக் கேட்டு அடுத்த க்யூவை விடுங்கள். நடிகர் ஒரு மூச்சு அதிகம் எடுத்தாலும் படம் அவருக்காக நிற்கும். நடிகரை அப்போதே திரையில் காட்டும் நேரடிக் கேமரா வைத்தால் தாமதத்தை அளந்து எழுதுங்கள்: நொடிக்கு 25 ஃபிரேமில் நான்கு ஃபிரேம் என்றால் 160 மில்லிசெகண்ட். உதடும் குரலும் பிரிவது அப்போதே கண்ணில் படும்.

க்யூ ஷீட்டில் எண், தூண்டும் வசனம், கோப்பின் பெயர், ஃபேட் நேரம் (படம் மெல்லத் தோன்றவோ மறையவோ ஆகும் நேரம்), எந்தப் பரப்பு என்ற ஐந்தும் இருக்கட்டும். ஒவ்வொரு க்யூவுக்கும் எதிரே, அந்த இடத்தில் விளக்கு மட்டும் போதாதா என்ற கேள்விக்கு ஒரு வரி பதில் எழுதி வையுங்கள். பதில் வராத க்யூவை நீக்கிவிடுவதே நல்லது.

டெக் ரிகர்சலுக்கு (தொழில்நுட்ப ஒத்திகை) முன் கணினியில் அறிவிப்புகள், தானியங்கிப் புதுப்பிப்பு, ஸ்லீப் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். புரொஜெக்டரின் ‘கறுப்பு’ உண்மையில் மங்கிய சாம்பல். பிளாக்அவுட்டில் (மேடை முழுதும் இருட்டாகும்போது) திரை செவ்வகமாகத் தெரியும். லென்ஸுக்கு முன்னால் மூடும் ஷட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்கும் ஒரு க்யூ எண் கொடுங்கள்.