982 மெகாஹெர்ட்ஸில் ஒரு போலிச் சிக்னல்

வேற்றுலகச் சிக்னல் தேடுவதில் பாதி வேலை, நம் ஊர்க் குப்பையைக் கழிப்பதுதான். 2019 ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரியைக் கவனித்தபோது, 982.002 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய கோடு ஒன்று சிக்கியது. பிஎல்சி1 என்று பெயர் வைத்தார்கள்.

முதல் சோதனை எளிது. 30 நிமிடம் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, 5 நிமிடம் டிஷ்ஷை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அப்போதும் சிக்னல் தெரிந்தால் அது உள்ளூர்ச் சரக்கு. அடுத்தது அதிர்வெண் நகர்வு. பூமி சுழல்வதால், வெளியிலிருந்து வரும் சிக்னல் ஒரே இடத்தில் நிற்காது. 1 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்குச் சுமார் 0.1 ஹெர்ட்ஸ் வரை நகரும்.

பிஎல்சி1 இரண்டிலும் தேறியது. ஆனால் 5 நிமிடப் பதிவில் உணர்திறன் குறைவு, பலவீனமான குறுக்கீடு அதில் ஒளிந்துகொள்ளலாம். மின்னணுக் கருவிக்குள் அதிர்வெண்ணை உருவாக்கும் ஆஸிலேட்டரின் வெப்பம் மாறினாலும் அதிர்வெண் நகரும். அதை டாப்ளர், அதாவது பூமியின் சுழற்சி போன்ற இயக்கத்தால் வரும் நகர்வு, என்று நம்பி ஏமாறுவது சுலபம்.

காட்டிக்கொடுத்தது முழு அலைவரிசைத் தேடல்தான். அதே நகர்வு வடிவத்தோடு வேறு அதிர்வெண்களிலும் கோடுகள் கிடைத்தன. சில, டிஷ்ஷைத் திருப்பிய பிறகும் தெரிந்தன. அவற்றின் இடைவெளிகள் மின்னணுக் கருவிகளின் சாதாரண கிளாக் (உள் துடிப்பு) அதிர்வெண்களோடு பொருந்தின. உள்ளூர்க் குறுக்கீடுகள் ஒன்றோடொன்று கலந்து பிறந்த சிக்னல் என்று 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.